கிரைண்டர் சொன்ன 'சுருக்'

பள்ளிக்கூடம் லீவு விட்டால் நம் பாடு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கே "அம்மா, போர் அடிக்குது" பாட்டு ஆரம்பமாகிவிடும். போன இதழில் கூழ் வற்றல் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அந்த வற்றல் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த அதே வாரத்தில் வீட்டுக்குள் நடந்த சங்கதி இது. சமையல் குறிப்பை எதிர்பார்த்து வந்த சகோதரிகள் கோபித்துக்கொள்ளாதீர்கள். இதுவும் நம் அடுப்படியைச் சேர்ந்த விஷயம்தான்.

பெரியவன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறான். லீவுக்குச் சென்னையில் என் அண்ணன் வீட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தான். அண்ணி கொடுத்த காசில் சட்டை வாங்கி வருவான் என்று பார்த்தால், மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போய், மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் திருகுகிற குமிழ், மேலே நம்பர் காட்டும் கண்ணாடி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். ஒயர் முனையில் கோணி ஊசி மாதிரி கூர்மையான கம்பி. "மல்ட்டிமீட்டர்மா. முந்நூறு ரூபாய்க்குள்ளதான்" என்றான்.

"இந்தக் காசுக்கு ரெண்டு கிலோ துவரம் பருப்பு வாங்கியிருக்கலாமே" என்றேன். நம் வாயில் வேறு என்ன வரும்?

அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டதும் பிள்ளை உற்சாகமாகிவிட்டான். வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாவற்றையும் இந்த ஒரே பெட்டி அளக்குமாம். முன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இங்கிலாந்தில் டொனால்ட் மெக்காடி என்று தபால் இலாகா இன்ஜினீயர் ஒருவர், அப்படிச் சுமந்து சுமந்து சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கிவிட்டாராம். 1923-ல் அது 'ஏவோமீட்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. எனக்குச் சட்டென்று புரிந்தது. கடுகுக்கு ஒரு டப்பா, சீரகத்துக்கு ஒரு டப்பா என்று தேடிச் சலித்த ஒரு பெண்தானே அஞ்சறைப்பெட்டியையும் கண்டுபிடித்திருப்பாள்? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'மஞ்சள் அஞ்சறைப்பெட்டி'தான்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஓம் விதியை மார்க்குக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் போனேன். ஆனாலும் மத்தியான வேலை முடிந்து அவனும் சின்னவளும் கூடத்தில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, வெங்காயம் உரிக்கிற சாக்கில் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் பென்சில் செல். டி.வி. ரிமோட் வேலை செய்யாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு செல்லையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுகிறோம். குமிழை டி.சி. வோல்ட்டில் வைத்து அளந்து பார்த்தால், ஒன்று 1.46 காட்டியது, மற்றது 0.9. செத்தது ஒன்றுதான்! நல்லதாக இருந்ததைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. (ரிமோட்டில் மட்டும் புதிதும் பழசும் கலந்து போடக் கூடாதாம். பழசு சீக்கிரம் ஒழுகிவிடும்.)

அடுத்து அளந்ததுதான் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. சின்னவளின் விளையாட்டுச் சாமானில் இருந்து கழற்றிய காசு மாதிரியான வட்ட செல். 'தீர்ந்துபோனது' என்று ஜன்னல் விளிம்பில் போட்டு வைத்திருந்தேன். மீட்டர் 2.7 காட்டியது. புதிதாக இருந்தாலே மூன்றுதான்! பொம்மையை ஓட்டத் தெம்பு இல்லை. ஆனால் ஒரு குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்க அந்தத் தெம்பு தாராளமாகப் போதும். ஈரமான சதையில் ஒட்டிக்கொண்டு கரண்ட் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தவழும் பிள்ளை வீட்டில் இருக்கிற இளம் தாய்மார்களே, கழற்றிய உடனே அந்தச் செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிதான்.

இரண்டே நாளில் எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெட்டியை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். கண்ணாடியின் இடது ஓரத்தில் '1' என்று தனியாக நின்றால் ஒரு வோல்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'என் அளவுக்கு மீறிவிட்டது' என்று அது கையைத் தூக்குகிறது என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு நாள் குமிழை ஆம்பியர் பக்கம் வைத்துவிட்டு செல்லைத் தொட்டேன். அவ்வளவுதான், ஆம்பியர் பக்கம் வேலை செய்யவில்லை. உள்ளே இருக்கிற குட்டிக் கண்ணாடி ஃபியூஸ் போய்விட்டது. பயந்துபோய் இரண்டு நாள் வாயையே திறக்கவில்லை. பிறகு அவனே கண்டுபிடித்து, "அம்மா, ஆம்பியர்ல வச்சு வோல்ட் பாக்கக் கூடாது. செல்லா இருந்ததால தப்பிச்சே. கரண்ட்டா இருந்தா பெட்டி கையிலயே வெடிச்சிருக்கும்" என்றான். பிளக்கில் கம்பியை விடவே கூடாது என்று அன்றே கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். மகன் அம்மாவிடம் சத்தியம் வாங்குகிற காலம்!

சின்னவள் ஒரு வேடிக்கை கண்டுபிடித்தாள். குமிழை ஓமில் வைத்து, இரண்டு கம்பியையும் இரண்டு கை விரல்களால் பிடிப்பது. உள்ளே இருப்பது ஒன்பது வோல்ட் பேட்டரிதான், பயமில்லை. காய்ந்த கையில் '1' காட்டியது. 20 லட்சம் ஓமுக்கு மேல் என்று அர்த்தம். பாத்திரம் கழுவிவிட்டு வந்து நான் பிடித்தேன். மூன்று லட்சத்துக்கு இறங்கியது. பிறகு அவள் கையை உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து இறுக்கிப் பிடித்தாள். ஒரு லட்சத்துக்கும் கீழே! "கை ஈரமா இருந்தா கரண்ட் சுலபமா உள்ளே போகுதும்மா" என்றாள். ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடாதே என்று என் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அது எதற்கு என்று நம்பரில் பார்த்தது அன்றுதான். இட்லி மாவிலும் உப்பு இருக்கிறது என்று அப்போதே ஏனோ ஒரு எண்ணம் ஓடியது.

எங்கள் வீட்டு கிரைண்டர் பெரிய ரகம். பின்கட்டுத் தாழ்வாரத்தில், சிமெண்டுத் தரையில் நிற்கிறது. மாவு அள்ளும்போது சில நாள் கையில் 'சுருக்' என்று ஒன்று வரும். ஊசியால் லேசாகக் குத்துகிற மாதிரி. மழை நாளில் கொஞ்சம் அதிகம். நாலு வருடம் முன்பு தாழ்வாரத்தில் புதிதாக ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "ஈரத்துல நிக்கிறீங்க, அப்படித்தாம்மா இருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிரைண்டர் பக்கத்தில் நீலப் பட்டை செருப்பு ஒன்று நிரந்தரமாகக் குடியேறியது. 'எம்.சி.பி. இருக்கிறதே, ஆபத்து என்றால் அதுவே விழுந்துவிடும்' என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நல்ல வேளையாக என் கொழுந்தனார் லீவுக்குக் குடும்பத்தோடு வந்தார். டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர், மெல்லிய டி.வி.க்கள் வந்த பிறகு கடையை மூடிவிட்டார். பிள்ளைக்கு இந்தப் பித்து பிடித்தது தெரிந்து, தன்னிடம் இருந்த பழைய ஆஸிலோஸ்கோப்பைக் காரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பார்த்தால் பழைய சின்ன டி.வி. மாதிரி இருக்கிறது, பக்கவாட்டில் இருபது குமிழ். பிளக்கைச் செருகப் போன பெரியவனைத் தடுத்தார். "இருடா. எர்த் பாக்காம இதைப் போட மாட்டேன்" என்று மஞ்சள் பெட்டியைக் கையில் வாங்கினார்.

கூடத்துப் பிளக்கில் பார்த்தார். வலது ஓட்டை பேஸ், இடது ஓட்டை நியூட்ரல், மேலே பெரிய ஓட்டைதான் எர்த். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 229. பேஸுக்கும் எர்த்துக்கும் 227. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வெறும் 2. "இப்படித்தான் இருக்கணும்" என்றார். வேலை ஆரம்பித்ததோடு எல்லாப் பிளக்கையும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். பூஜை அறை, படுக்கை அறை, சமையலறை எல்லாம் சரி. தாழ்வாரத்துக்கு வந்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228. பேஸுக்கும் எர்த்துக்கும் 43. அதுவும் நிற்காமல் ஆடுகிறது, 43, 38, 45 என்று.

அவர் முகம் மாறிவிட்டது. நம்பர் மட்டும் போதாது என்று, ஹோல்டரில் ஒரு குண்டு பல்பும் இரண்டு ஒயருமாக டெஸ்ட் லேம்ப் ஒன்று கட்டினார். கூடத்துப் பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அது ஜகஜோதியாக எரிந்தது. தாழ்வாரத்தில் மினுக்கென்றுகூட இல்லை. மெயினை அணைத்து, பிளக்குத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், பச்சை ஒயர் உள்ளே வெட்டி மடித்துக் கிடக்கிறது. பெரிய ஓட்டையோடு அதை இணைக்கவே இல்லை! நாலு வருடமாக அந்த ஓட்டை வெறும் அலங்காரம்.

"அண்ணி, கிரைண்டர் பிளக்கைக் கழட்டிட்டு வாங்க" என்றார். பிளக்கைப் பிடுங்கி வெளியே வைத்துக்கொண்டு செய்கிற இரண்டு சோதனைகளை எனக்கும் சொல்லிக் கொடுத்தார். கரண்ட் சம்பந்தமே இல்லாததால் நம் போன்றவர்களும் தைரியமாகச் செய்யலாம். ஆகவே அதைச் சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

பிளக் வெளியே இருக்கட்டும். மெஷினின் ஸ்விட்சை மட்டும் 'ஆன்' செய்து வையுங்கள். மீட்டரில் மிகச் சிறிய ஓம். ஒரு கம்பியைப் பிளக்கின் பெரிய பின்னிலும், மற்றதை மெஷினின் பளிச்சென்ற இரும்பு அல்லது ஸ்டீல் பாகத்திலும் வையுங்கள். கிட்டத்தட்ட சைபர் வர வேண்டும். வந்தால் எர்த் ஒயர் உடம்பு வரை போகிறது என்று அர்த்தம். பிறகு மிகப் பெரிய ஓமுக்கு மாற்றிக்கொண்டு, பெரிய பின்னுக்கும் சின்னப் பின்கள் ஒவ்வொன்றுக்கும் நடுவே பாருங்கள். விரல் கம்பியில் படக் கூடாது. பட்டால் உங்கள் உடம்பை அளந்துகொண்டிருப்பீர்கள்! இப்போது அந்தத் தனி '1' தான் வர வேண்டும். ஏதாவது நம்பர் வந்தால் உள்ளே கரண்ட் கசிய வழி இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர், தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பி என்று மூன்று பின் பிளக் உள்ள எதையும் பார்க்கலாம். நம்பர் வராவிட்டால் நூற்றுக்கு நூறு நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாதாம். இந்த மீட்டர் கொடுப்பது சொற்ப வோல்ட். ஒயரிங் ஆட்கள் வைத்திருக்கும் மெகர், 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும். ஆனால் நம்பர் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், சாமான் ரிப்பேருக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் கிரைண்டர் 180 காட்டியது. அதாவது 1,80,000 ஓம். மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது. பெரியவன் பேப்பரில் கணக்குப் போட்டான். 230-ஐ 1,80,000-ஆல் வகுத்தால் ஒரு மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். "இதுதான்மா நம்ம 'சுருக்'" என்றான். ஒரு மில்லி ஆம்பியர் அளவில்தான் மனிதருக்கு உறைக்கவே ஆரம்பிக்குமாம். பத்தைத் தாண்டினால் கை தானாக இறுகி, பிடித்ததை விட முடியாது. முப்பது என்றால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. சரி, எம்.சி.பி.? எங்கள் தாழ்வாரத்து எம்.சி.பி. 16 ஆம்பியர், அதாவது பதினாறாயிரம் மில்லி ஆம்பியர். மனுஷி போன பிறகும் அது நிம்மதியாக நின்றுகொண்டிருக்கும்! அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது, நம்மை அல்ல.

மழையில் இன்னும் கொஞ்சம் ஈரம் இறங்கி அந்த 1,80,000 பதினெட்டாயிரமாகக் குறைந்திருந்தால்? அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. பண்டிகை என்றால் அதிகாலை நாலரை மணிக்குக் குளித்து, ஈரப் புடவையோடு அவர்தான் மாவு அரைப்பார். மடி என்று அன்றைக்குச் செருப்பும் போட மாட்டார். எல்லோரும் பேசாமல் நின்றோம். என்னவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அன்னிக்கே ஒருத்தரும் திறந்து பாக்கல" என்றார். யாரைச் சொன்னாரோ தெரியவில்லை. நாலு வருடம் அந்தச் 'சுருக்'கை அனுபவித்துக்கொண்டே செருப்பு வாங்கிப் போட்டவள் நான்தானே.

அன்று சாயங்காலமே பச்சை ஒயரை இணைத்தாயிற்று. மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தது. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டினோம். பேஸில் போகிற கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தாலே கண் மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று குட்டிப் பொத்தான் உண்டு. மாதா மாதம் கேஸ் சிலிண்டர் வருகிற அன்று அதை அழுத்திப் பார்ப்பது இப்போது என் வேலை. 'டக்'கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அதுவும் அலங்காரம்தான்.

ஆஸிலோஸ்கோப்பை மறந்துவிட்டேனே! அன்று இரவு சாப்பாடானதும் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அதைப் போட்டார். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு கோடு. அதிலிருந்து நீளுகிற ஒயரின் முனையைச் சின்னவள் விரலால் தொட்டாள். கோடு அலை அலையாகத் துள்ளியது! வேறு எதையும் தொடவில்லை, வெறும் விரல்தான். சுவருக்குள் ஓடுகிற கரண்டின் துடிப்பை நம் உடம்பே ஏரியல் மாதிரி வாங்கிக்கொள்கிறதாம். திரையில் கட்டம் போட்டிருக்கிறது. ஒரு கட்டம் 5 மில்லி செகண்ட். ஓர் அலை நாலு கட்டம் என்று எண்ணினாள். இருபது மில்லி செகண்ட். ஆக ஒரு செகண்டுக்கு 50 அலை. "புக்கில 50 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, நிஜம்தான்!" என்று குதித்தாள். இந்தக் குழாயை முதலில் செய்தவர் பிரவுன் என்ற ஜெர்மானியர், 1897-ல். நம் பழைய குண்டு டி.வி.க்கும் அதுதான் மூதாதை. இதன் கிளிப்பை வீட்டுக் கரண்டில் நேராகக் கொடுக்கவே கூடாது, கிளிப் உள்ளே எர்த்தோடு சேர்ந்தது என்று கொழுந்தனார் இரண்டு பிள்ளைகளிடமும் மூன்று தடவை சொன்னார்.

பிறகு உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் ஒன்றை அதில் இணைத்தார். ஸ்பீக்கர் முன்னால் பேசினால் அது மைக் மாதிரி வேலை செய்யும். ஆளாளுக்குக் கத்திப் பார்த்தோம். 'ஸ்' என்றால் புல் முளைத்த மாதிரி, 'ஓ' என்றால் உருண்டையான அலை. கடைசியாக அத்தையைக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். "இந்தக் கரண்டு சமாச்சாரமெல்லாம் எனக்கு எதுக்குடா" என்று முனகியவர், பேரப் பிள்ளைகளுக்குப் பாடிய பழைய தாலாட்டு ஒன்றை மெல்ல எடுத்தார். 'ஆராரோ' என்று இழுக்கும்போது பச்சை அலை ஒரே சீராக நின்றது. மூச்சு வாங்கும் இடத்தில் கோடு நேராகும். அத்தை கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "நான் நிறுத்தினா அதுவும் நிறுத்துதே" என்றார். மூன்று தடவை பாடினார்.

கொழுந்தனார் ஊருக்குப் போகும்போது ஆஸிலோஸ்கோப்பை இங்கேயே விட்டுப் போய்விட்டார். பெரியவன் காலேஜுக்குப் போனதும் மஞ்சள் பெட்டி என் சமையலறை அலமாரிக்கு வந்துவிட்டது. எதிர் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று சென்ற வாரம் என்னிடம் 'வைத்தியத்துக்கு' வந்தது. 750 வாட் பெட்டி, காயில் நல்லதாக இருந்தால் ஏறக்குறைய 70 ஓம் காட்ட வேண்டும். தனி '1' வந்தது. ஒயரைக் கழுத்துப் பக்கம் வளைத்துப் பிடித்தால் 70 வந்தது. ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது, காயில் போகவில்லை. வெறும் ஒயர் மாற்றுகிற செலவோடு முடிந்தது.

கிரைண்டரில் இப்போது 'சுருக்' இல்லை. வெறுங்காலோடு நின்று நானே இரண்டு முறை அரைத்துப் பார்த்துவிட்டேன். அத்தைதான் இன்னும் நம்பவில்லை. மடியாவது ஒன்றாவது என்று, இப்போது பண்டிகை நாளிலும் அந்த நீலப் பட்டை செருப்பைப் போட்டுக்கொண்டுதான் மாவு அள்ளுகிறார்.